விண்கலமும் மீகாமனும்

கடலோடிய காலந்தொட்டுக் கலத்தில் ஏறியவரின் உயிர் மீகாமனின் கையில் இருந்து வந்தது. காற்றின் போக்கையும் நீரோட்டத்தின் போக்கையும் கண்டறிந்து சுக்கானைத் திருப்பும் அக்கையை நம்பியே வணிகர் தம் பொருளையும் உயிரையும் ஒருங்கே ஒப்படைத்தனர். விண்வெளியிற் கலஞ் செலுத்தத் தொடங்கிய நாளிலே இப்பழைய நம்பிக்கை ஐயத்துக்குள்ளாயிற்று. கலத்தை ஆள்பவர் அதில் ஏறியிருப்பவரா, அன்றித் தரையிலே முன்கூட்டி அமைக்கப்பெற்ற பொறியா என்னும் வழக்கு அன்று எழுந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது தீர்ந்தபாடில்லை. ஒருமுறை பறந்து கழியும் கலங்களின் காலத்தில் அது வீரரின் மானத்தைப் பற்றியதாகத் தோன்றிற்று. மீண்டும் மீண்டும் பறக்கும் கலங்கள் வந்து, அவற்றிற் கட்டணஞ் செலுத்திய பயணிகளும் ஏறத் தொடங்கியபின் அதன் பொருளே மாறிவிட்டது.

1961ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி யூரி ககாரின் வொஸ்தொக் கலத்தில் உலகை ஒருமுறை வலம் வந்தார். அவர் சோவியத்து வான்படையின் விமானி. ஆயினும் அவர் முன்னிருந்த செலுத்துகருவிகள் பூட்டப்பட்டிருந்தன. எடையற்ற நிலையிலும் தனிமையிலும் மனித மனம் எவ்வாறு தொழிற்படும் என்பதை மருத்துவர் அன்று அறிந்திலர். மதிமயங்கிய ஒருவர் கலத்தைத் தவறாகத் திருப்பிவிடுவாரோ என அஞ்சினர். எனவே பூட்டைத் திறக்கும் மூன்றிலக்க எண்ணொன்று உறையிலிட்டு ஒட்டப்பட்டுக் கலத்தினுள் வைக்கப்பட்டது. உறையைப் பிரித்து எண்ணைப் படித்து அதனைச் சரிவர அழுத்த வல்லவர் தெளிந்த மனத்தினராகவே இருப்பார் என்பது அவர்கள் கருத்து. அவ்வெண் 125. இவ்வேற்பாட்டுக்கு மனம் ஒவ்வாத சிலர் புறப்படுமுன்னரே அதனைக் ககாரினின் காதிற் போட்டுவிட்டனர் என்பது பின்னாளில் வெளியாயிற்று. பொறியை நம்பியோரும் பொறியை முற்றும் நம்பவில்லை. மனிதரை நம்பாதோரும் அவரை முற்றும் கைவிடவில்லை. பின்வந்த வரலாறு முழுவதிலும் இவ்விருமனப் போக்கினைக் காணலாம்.

அமெரிக்காவில் இவ்வழக்கு எதிர்ப்புறத்திலிருந்து எழுந்தது. மேர்க்குரி என்னும் கலம் தானே இயங்கத்தக்கதாகவே அமைக்கப்பட்டது. 1961 ஜனவரியில் ஹாம் என்னும் சிம்பன்சிக் குரங்கு அதிற் சென்று உயிருடன் மீண்டது. ஆனால் அக்கலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரும் சோதனை விமானிகள். குரங்கு அமரக்கூடிய ஆசனத்தில் வெறுஞ் சுமையாய் அமர அவர்கள் உடன்படவில்லை. பார்ப்பதற்கு ஒரு பலகணியும், கையாற் செலுத்தும் அதிகாரமும் வேண்டுமென வாதாடிப் பெற்றனர். அவர்கள் வாதத்துக்கு நிகழ்ச்சிகளும் துணைநின்றன. 1962 பெப்ரவரியில் ஜோன் கிளென் முதற் சுற்று முடிவடையும் வேளையில் தன்னியக்கக் கருவி பழுதுபடக் கண்டு, எஞ்சிய பயணத்திற் பெரும்பகுதியைத் தம் கையாலேயே செலுத்தினார். 1963 மேயிற் கோர்டன் கூப்பர் 22 சுற்றுகள் முடித்துத் திரும்பும் தறுவாயில் மின்னமைப்புப் பழுதுற்றுத் தன்னியக்கம் முற்றாகச் செயலிழந்தது. அவர் கைக்கடிகாரத்தையும் பலகணியூடு தெரிந்த அடிவானத்தையும் துணைக்கொண்டு கலத்தை இறக்கினார். காத்திருந்த கப்பலிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர் தொலைவில் அது நீரைத் தொட்டது.

ஆயின் விமானிகள் தம் வெற்றிகளைச் சொல்லும்போது 1962 மேயிற் சென்ற ஸ்கொட் கார்ப்பென்டரை விரைவிற் கடந்துவிடுவர். அவர் பயணத்திலும் பொறி சிறிது பழுதுபட்டது. அதனோடு எரிபொருளும் அளவுக்கு மிஞ்சிச் செலவாயிற்று, திரும்புதற்குரிய உந்தலும் காலந்தாழ்ந்து கோணலாக நிகழ்ந்தது. கலம் குறித்த இடத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் அப்பாற் போய் விழுந்தது. கை காப்பாற்றவும் வல்லது, வழிதவறச் செய்யவும் வல்லது என்பதை முதல் ஈராண்டுகளே காட்டிவிட்டன.

மீண்டும் பறக்கும் கலம் என்னும் எண்ணம் செயலுருப் பெற்றது அமெரிக்க விண்வெளி ஓடத்தில். 1981ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி, ககாரின் பறந்து இருபது ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், ஜோன் யங்கும் ரொபேட் கிரிப்பெனும் கொலம்பியா என்னும் ஓடத்திற் புறப்பட்டனர். அதற்கு முன் எந்த அமெரிக்கக் கலமும் தன் முதற் பயணத்திலேயே மனிதரை ஏற்றிச் சென்றதில்லை. ஆளின்றி ஒருமுறை அனுப்பிப் பார்த்தல் ஏன் கூடாதென்று எவரும் கேட்கலாம். அதற்கு விடை ஓடத்தின் அமைப்பிலேயே இருந்தது.

ஓடம் தன் காலத்தின் மிகச் சிறந்த கணினிக்கலம் எனின் மிகையாகாது. அதில் ஐந்து கணினிகள் இருந்தன. அவற்றுள் நான்கு ஒரே நிரலை ஒருங்கே இயக்கி, ஒன்றன் விடையை ஏனையவற்றோடு ஒப்புநோக்கிப் பிழைபட்டதை ஒதுக்கும். ஐந்தாவது, வேறொரு நிறுவனத்தார் எழுதிய தனி நிரலோடு காத்திருக்கும். விமானி கைப்பிடியைத் திருப்பினாலும் அது கணினிக்கு விடுக்கும் வேண்டுகோளே. சிறகின் மடலை அசைப்பது கணினிதான். வளிமண்டலத்துட் புகுந்து ஒலியினும் இருபது மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கிவரும் பெரும்பகுதியையும் கணினியே நடத்திற்று. இத்துணைப் பெருங் காரியத்தைக் கணினியிடம் விட்டவர்கள் இறங்குசக்கரங்களை வெளிவிடும் சிறு காரியத்தை மட்டும் மனித விரலுக்கு ஒதுக்கினர். சக்கரக் கதவு ஒருமுறை திறந்தால் வானில் அதனை மீள மூடும் வழியில்லை. வளிமண்டலத்தின் வெம்மையிற் கணினி அதனைத் தவறித் திறந்துவிடின் கலம் எரிந்தழியும். எனவே தரையைத் தொடுமுன் சில செக்கன்கள் இருக்கையில் மனிதரொருவர் அப்பொத்தானை அழுத்த வேண்டும் என விதித்தனர். அவ்வொரு பொத்தானுக்காகவேனும் ஓடம் ஆளின்றித் திரும்ப இயலாததாயிற்று.

இறுதி இறக்கம் விமானிகளின் கோட்டையாக விளங்கியது. ஒலியின் வேகத்துக்குக் கீழே வந்ததும் கட்டளை அதிகாரி பொறுப்பேற்பார். அவ்வேளை ஓடம் இயந்திர வலுவற்ற மிதவை விமானம். பயணிகள் விமானத்தினும் பன்மடங்கு செங்குத்தாய் இறங்கி, ஒரே முயற்சியில் ஓடுபாதையைப் பிடிக்க வேண்டும். தன்னியக்க இறக்கத்துக்கான நிரல் கணினியில் இருக்கவே செய்தது. 1982 மார்ச்சில் மூன்றாம் பயணத்தின்போது அதனை ஓரளவு சோதித்தனர். ஓடம் தரையை நெருங்கியபின்னரே ஜாக் லௌஸ்மா பொறுப்பைக் கைக்கொண்டார். பின்சக்கரங்கள் தரையைத் தொட்டபின் முன்முனை தாழ்ந்து வந்து, திடீரென மீண்டும் மேலெழுந்து கண்டோரை அச்சுறுத்தியது. கலத்தின் போக்கை நெடுநேரம் தன் கையில் உணர்ந்து பழகாத ஒருவரிடம் கடைசிக் கணத்தில் அதனை ஒப்படைப்பது எத்துணை இடர் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. முழுத் தன்னியக்கமும் பாதுகாப்பாகலாம், முழு மனித இயக்கமும் பாதுகாப்பாகலாம். இடையிலே கைமாறும் நொடிதான் கொடியது. ஆயினும் விமானிகள் அதிலிருந்து பெற்ற முடிவு, பொறியை இறக்கத்தின் அருகே வரவிடலாகாது என்பதே. 2011 வரை 135 முறை ஓடம் பறந்தது. ஒருமுறையேனும் கணினி அதனைத் தரைதொடும்வரை இறக்கவில்லை.

சோவியத்து நாட்டார் செய்தது நேர்மாறு. தோற்றத்தில் அமெரிக்க ஓடத்தை ஒத்த பூரான் என்னும் கலம் 1988ஆம் ஆண்டு நவம்பர் 15ஆந் திகதி ஆளின்றிப் புறப்பட்டு, உலகை இருமுறை சுற்றி, 206 நிமிடங்களிற் பைக்கனூரில் வந்திறங்கியது. அன்று கடுங்காற்று வீசிற்று. ஓடுபாதையை நெருங்கிய கலம் எதிர்பார்த்த வழியை விட்டு வேறுபக்கம் திரும்பவே, தரையில் நின்றோர் அது கைமீறிப் போயிற்றென்று திகைத்தனர். காற்றின் வேகத்தையும் தன் வேகத்தையும் அளந்த கணினி, வேகத்தைக் குறைப்பதற்கு நீண்ட வழியே தக்கதெனத் தேர்ந்துகொண்டது என்பது பின்னர்ப் புலனாயிற்று. ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து சில மீற்றரே விலகி அது தரையைத் தொட்டது. ஓட்டுவோனின்றித் தானே செல்லும் வானூர்தியைப் புறநானூற்றுப் புலவரொருவர் முன்பே கற்பனையிற் கண்டார். எனினும் அவ்வூர்தி நல்வினை முடித்து விண்ணுலகு புகுவோர்க்கு உரியது, மண்ணுக்குத் திரும்புவோர்க்கு அன்று. பூரான் திரும்பி வந்தது. வந்தும் பயனில்லை, அதனை அனுப்பிய அரசே மூன்றாண்டுகளிற் சிதைந்தது. மறுமுறை பறக்காமலே கிடந்த அக்கலத்தின்மீது 2002இற் கொட்டகையின் கூரை இடிந்து வீழ்ந்து எண்மர் மாண்டனர், கலமும் அழிந்தது.

பூரான் காட்டிய பாடத்தை அமெரிக்கர் ஏற்றது துன்பத்தின் பின்னரே. 2003இற் கொலம்பியா எழுவருடன் வளிமண்டலத்திற் சிதைந்தது. பழுதுற்ற ஓடமொன்றை வெறுமையாகத் தரைக்கு அனுப்பும் வழி வேண்டுமென்பது அப்போது உணரப்பட்டது. எட்டு மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய கம்பிவடமொன்று 2006இற் செய்யப்பட்டு விண்வெளி நிலையத்துக்கு எடுத்துச்செல்லப்பட்டது. ஓட்டியறையின் பொத்தான்களை அது கணினிக்கூடத்தோடு இணைக்கும். இணைத்துவிடின் இறங்குசக்கரத்தையும் தரையிலிருந்தே வெளிவிடலாம். இருபத்தைந்து ஆண்டுகளாக மனிதருக்கென ஒதுக்கிவைத்த பொத்தான் ஒரு கம்பியால் அவர் கையை விட்டகன்றது. அதனைப் பயன்படுத்த வேண்டிய தேவை எழவில்லை.

இதற்கிடையிற் கையை நம்பியோர்க்கும் ஓர் அடி விழுந்தது. சோவியத்து ஒன்றியம் கலைந்தபின், கலங்களைத் தாமே இணையச் செய்யும் கருவி உக்கிரேனிலிருந்து பெருவிலை கொடுத்துப் பெறவேண்டியதாயிற்று. அச்செலவைத் தவிர்க்கக் கருதிய உருசியர், சரக்குக்கலத்தைக் கைப்பிடியும் தொலைக்காட்சித் திரையும் கொண்டு இணைத்துப் பார்க்கும்படி மிர் நிலையத்திலிருந்தோரைப் பணித்தனர். 1997 யூன் 25ஆந் திகதி வசிலி சிப்லியெவ் அவ்வாறு செலுத்துகையிற் கலம் நிலையத்தின் மீது மோதி, ஒரு பகுதியிலிருந்து காற்றுக் கசிந்தது. தொலைவையும் வேகத்தையும் அளந்துகாட்டும் கருவியின்றி, முகில்களின் மேல் மங்கித் தெரிந்த உருவத்தைக் கொண்டு அவர் கணிக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கு வேண்டிய செய்தியைக் கொடாது கைக்கு மட்டும் அதிகாரங் கொடுப்பது அதிகாரமாகாது. பழியைச் செலுத்தியவர் மேற் சுமத்தல் எளிது. சிக்கனஞ் செய்தோர் மேலும் அதிற் பங்குண்டு.

இனித் தனியார் கலங்களுக்கு வருதல் வேண்டும். 2004இல் ஸ்பேஸ்ஷிப் வண் என்னும் சிறுகலம் நூறு கிலோமீற்றர் உயரத்தைத் தாண்டியது. ஒரே கலம் இரு வாரத்துள் இருமுறை விண்வெளியைத் தொட்டு மீளின் பத்து மில்லியன் டொலர் பரிசு என்பது அக்காலத்துப் போட்டியின் விதி. பேர்ட் றூட்டன் அமைத்த அக்கலம் பெரும்பாலும் விமானியின் கைவலுவாலேயே பறந்தது. செப்டெம்பர் 29ஆந் திகதி மைக் மெல்வில் மேலேறுகையிற் கலம் பம்பரம்போல் இருபது தடவைக்கு மேற் சுழன்றது. அவர் கலங்காது உயரத்தை எட்டித் திரும்பினார். கணினியாற் செலுத்துவதிலும் விமானியாற் செலுத்துவது மலிவானது, எளியது என்ற எண்ணம் அன்று வலுப்பெற்றது.

பத்தாண்டின் பின் அவ்வெண்ணத்துக்குக் கொடுத்த விலை பெரிது. அக்கலத்தின் வழித்தோன்றலாகிய ஸ்பேஸ்ஷிப் ரூவில், திரும்பும் வேளையில் வாற்பகுதி மேல்நோக்கி மடிந்து வேகத்தைத் தணிக்கும். மேலேறும்போது அது மடியாதவாறு பூட்டப்பட்டிருக்கும், ஒலியினும் 1.4 மடங்கு வேகத்தை எட்டியபின் துணைவிமானி அப்பூட்டைத் திறக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 31ஆந் திகதி கலிபோர்னியாப் பாலைநிலத்தின் மேல் அப்பூட்டு ஒலியின் வேகத்தை எட்டுமுன்னரே திறக்கப்பட்டது. காற்றின் விசை வாலை மடிக்க, கலம் துண்டுதுண்டாயிற்று. துணைவிமானி மைக்கேல் ஆல்ஸ்பெரி மாண்டார். அவர் அருகிருந்த விமானி வெளியே எறியப்பட்டு, அவர் பரசூட் தானாகவே விரிந்தமையால் உயிர்பிழைத்தார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2015இல் வெளியிட்ட முடிவு கூர்ந்து நோக்கற்பாலது. துணைவிமானி பூட்டை முன்னதாகத் திறந்ததை அது மறைக்கவில்லை. ஆயின், ஒரு மனிதரின் ஒரு பிழை கலத்தை அழித்துவிடாதவாறு காக்கும் ஏற்பாட்டை அமைத்தோர் எண்ணிப்பாராமையையே விபத்தின் காரணமாக அது கொண்டது. அதன்பின் உரிய வேளைக்குமுன் பூட்டுத் திறவாவண்ணம் தடையொன்று பொருத்தப்பட்டது. விமானிகள் தொடர்ந்து செலுத்தினர். அவர்கள் கைக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது.

நியூ ஷெப்பேர்ட் என்னும் மற்றொரு கலத்தில் ஓட்டியறையே இல்லை. 2021 யூலை 20ஆந் திகதி அதில் முதன்முதல் நால்வர் சென்றபோது, 82 அகவையினரான வாலி ஃபங்க் அம்மையாரும் அவருள் ஒருவர். 1961இல் விண்வெளி வீரர்க்கான மருத்துவச் சோதனைகளிற் பல ஆடவர்க்கு நிகராகத் தேறிய பெண்மணி அவர். தாரை விமானச் சோதனை விமானிகளே தகுதியுடையர் என்ற விதியால், அப்பணி திறந்திராத பெண்கள் அனைவரும் அன்று விலக்கப்பட்டனர். பல்லாயிரம் மணிநேரம் விமானஞ் செலுத்திய அவர், அறுபதாண்டு காத்திருந்து, எவரும் செலுத்தாத கலத்தில் விண்ணைத் தொட்டார். விமானியின் கை இன்றியமையாதது என்ற கொள்கை எத்தனை பேரை வாயிலில் நிறுத்திற்று என்பதும் இவ்வழக்கிற் கணக்கெடுக்க வேண்டிய ஒன்று. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் அதே வகைக் கலமொன்று ஆளின்றிச் செல்கையில் உந்துகணை பழுதுற, கலம் தானே பிரிந்து பாதுகாப்பாய் இறங்கியது. அவ்வேளை உள்ளே எத்தகைய வீரர் இருந்திருப்பினும் அத்துணை விரைவிற் செயற்பட்டிருத்தல் அரிது.

2020 மே 30ஆந் திகதி ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் ட்ரகன் கலத்தில் டக்ளஸ் ஹேர்லியும் பொப் பெங்கனும் புறப்பட்டனர். ஹேர்லி 2011இல் விண்வெளி ஓடத்தின் இறுதிப் பயணத்தில் விமானியாயிருந்தவர். ஓடத்தின் அறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆளிகளும் காட்டிகளும் இருந்தன. ட்ரகனிலோ தொட்டால் இயங்கும் மூன்று திரைகளும், இடர்வேளைக்கென ஒரு வரிசைப் பொத்தான்களுமே. ஆளேறும் கலத்தில் தன்னியக்கத்தை மீறிச் செலுத்தும் வழி வீரர்க்கு இருத்தல் வேண்டுமென்பது அமெரிக்க விண்வெளி நிலையகத்தாரின் விதி. அவ்விதிக்கிணங்க ஹேர்லி வழியிற் சிறிதுநேரம் திரையை விரலால் தொட்டுக் கலத்தைத் திருப்பிப் பார்த்தார். பின் விரலை எடுத்தார். இணைப்பைக் கலம் தானே முடித்தது.

இம்மாற்றத்துக்குக் காரணம் கணினியின் வளர்ச்சி மட்டுமன்று, வணிகமும் ஆகும். விமானிக்கு வேண்டிய பயிற்சி ஆண்டுக்கணக்கானது. பயணிக்கு அத்துணை அவகாசமில்லை. 2021 செப்டெம்பரில் முன்னர் ஒருமுறை பறந்த ட்ரகனொன்று அரசின் வீரர் ஒருவரேனும் இல்லாத நால்வரை மூன்று நாள் உலகைச் சுற்றச் செய்து கொணர்ந்தது. அவர்கள் சில மாதமே பயின்றவர்கள். மேலும், மீண்டும் பறக்கும் கலம் ஒவ்வொரு பயணத்திலும் தன் அளவீடுகளைத் தரைக்குக் கொண்டுவருகின்றது; ஒரு கலம் கற்றது மற்றக் கலங்களின் நிரலிலும் ஏறக்கூடும். பெரும் மீகாமனொருவனின் திறமையோ அவனோடு கழிவது.

அவ்வாறாயின் வழக்கு பொறியின் பக்கம் தீர்ந்ததெனலாமோ? போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. 2019 டிசெம்பர் 20ஆந் திகதி அது ஆளின்றி ஏவப்பட்டது. கலத்தின் கடிகாரம் பதினொரு மணிநேரம் பிழைபட்டிருந்தது. உந்துகணையின் கணினியிலிருந்து உரிய வேளைக்குமுன் நேரத்தை வாங்கிக்கொண்டமையே காரணம். பயணத்தின் வேறொரு கட்டத்தில் இருப்பதாக எண்ணிய கலம், வேண்டாத இடத்தில் எரிபொருளைச் செலவிட்டு, விண்வெளி நிலையத்தை அடையாமலே திரும்பியது. மனிதர் உள்ளிருந்திருப்பின் கலத்தைக் காப்பாற்றியிருப்பர் என்று விண்வெளி நிலையகத்தின் தலைவர் ஜிம் பிறைடன்ஸ்டைன் அன்றே கூறினார். அது உண்மையாகலாம். ஆனால் அக்கடிகாரத்தைப் பிழைபட அமைத்ததும் மனிதக் கையே. தன்னியக்கம் கையை அகற்றுவதில்லை. ஓட்டியறையிலிருந்து நிரல் எழுதும் மேசைக்கும், பறக்கும் நிமிடத்திலிருந்து ஆண்டுகள் முந்திய ஒரு பிற்பகலுக்கும் இடம்மாற்றிவிடுகின்றது. பிழையும் அக்கையோடு அங்கே குடிபெயர்கின்றது. அதே பயணத்திற் கலத்தின் இரு பகுதிகளையும் மோதச் செய்திருக்கக்கூடிய மற்றொரு நிரற்பிழையைத் தரையிலிருந்தோர் தேடிக் கண்டு, இறங்குமுன் திருத்தினர் என்பதையும் உடன்சொல்லுதல் வேண்டும்.

2024 யூன் 5ஆந் திகதி புச் வில்மோரும் சுனி வில்லியம்சும் ஸ்டார்லைனரிற் சென்றனர். மறுநாள் நிலையத்தை நெருங்கும் வேளையில் 28 சிறு உந்துபொறிகளில் ஐந்து ஒன்றன்பின் ஒன்றாய் ஓய்ந்தன. தன்னியக்கம் தயங்கவே வில்மோர் செலுத்துபிடியைக் கைக்கொண்டார். முன்னே நிலையம், பின்னே, உந்துபொறிகளின்றித் திரும்ப இயலுமோ என்ற ஐயம். கலம் நிலைகுலையாது அவர் பிடித்து நிற்க, தரையிலிருந்தோர் பொறிகளை அணைத்து மீளத் தொடங்கிப் பார்க்க முற்பட்டனர். அதற்காக அவரைக் கையை எடுக்குமாறு வேண்டினர். தத்தளிக்கும் கலத்தின் பிடியை விடுவது, பிடிப்பதினும் கடினமாயிருந்திருக்கும். அவர் விட்டார். நான்கு பொறிகள் படிப்படியாக மீண்டன. அதன்பின் இணைப்பைத் தன்னியக்கமே நிறைவேற்றிற்று. அன்று கலத்தைக் காத்தது எதுவெனக் கேட்பின் ஒன்றைச் சுட்டிச் சொல்லுதல் அரிது.

சில நாளுக்கெனச் சென்ற இருவரும் அக்கலத்திலே திரும்பவில்லை. பொறிகள் மறுபடியும் ஓயக்கூடும் என்று அஞ்சிய நிலையகத்தார் அதனை வெறுமையாகவே அழைத்தனர். செப்டெம்பரில் ஸ்டார்லைனர் தானே பிரிந்து, தானே இறங்கி, நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்திற் பழுதின்றி அமர்ந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆந் திகதி, முன்னர் மூன்றுமுறை விண்வெளி சென்று மீண்ட ட்ரகன் கலமொன்று, வில்மோரையும் வில்லியம்சையும் வேறிருவரோடு சுமந்து, தன் வழியைத் தானே கணித்துப் புளோரிடாக் கரைக்கப்பாற் கடலில் இறங்கியது. கடற்படையிற் சோதனை விமானிகளாய்ப் பெயர்பெற்ற அவ்விருவரும் அப்பயணத்திற் செலுத்தும் பொறுப்பு ஏதுமின்றியே வந்தனர்.